லாலாகுடா லைனுக்கு நாங்கள் செய்த சேவை

போன வெள்ளிக்கிழமை உங்கள் சட்ட உதவிச் சங்கத்திலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். சங்கத்துக்குச் செகந்திராபாத்தில் சொந்தக் கட்டடம் வந்துவிட்டதாம். திறப்பு விழாவுக்கு நான் தலைமை தாங்க வேண்டுமாம். வாசல் சுவரில் பதிக்கப்போகும் பளிங்குக் கல்லில் என் பெயர்தான் முதலில் வருமாம். காகிதத்தில் மாதிரி எழுதிக்கூடக் கொண்டுவந்திருந்தீர்கள். என் பெயருக்கு முன்னால் மூன்று அடைமொழிகள், பின்னால் இரண்டு பட்டங்கள். அதில் ஒரு பட்டம் நான் வாங்காதது.

பெயர்க் கல் என்றதும் நான் சிரித்துவிட்டேன். உங்களில் கண்ணாடி போட்ட தம்பி, "ஐயாவுக்குப் பெயர் ஆசையே கிடையாது" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் ஆசை எனக்கு நிறையவே உண்டு. சட்ட வகுப்பில் படிக்கும்போதே என் பெயரைக் கல்லில் வெட்டவைத்தவன் நான். அந்தக் கல் இன்றைக்கும் இருக்கிறது, நல்ல உபயோகத்திலும் இருக்கிறது. அது எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு உங்கள் கல்லைச் செதுக்கக் கொடுங்கள். விழாவில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நின்று பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன். நாலு வார்த்தைக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது.

இது நிஜாம் காலத்துச் சங்கதி. ஹைதராபாத் நகரத்துக்குள் சட்ட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பாடம் உருதுவில், பரீட்சை உருதுவில், வாங்கிக்கட்டிக்கொள்வதும் உருதுவில். எங்கள் வகுப்பில் தமிழன் நான் ஒருவன்தான். என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து செகந்திராபாத் பட்டாளத்துக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். பையன் நிஜாம் சர்க்காரில் முன்னுக்கு வரட்டும் என்று என்னை உருதுப் பள்ளியில் போட்டார். வெளியே எனக்கு உருது, வீட்டுக்குள் தமிழ். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகிற வழக்கம் கிடையாது. கத்திரிக்காய் முதல் கண்ணாடி வளையல் வரை அப்பாவே வாங்கி வந்துவிடுவார். அதனால் என் அம்மாவுக்கும் அத்தைக்கும் உருதுவில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் பெரிய வக்கீல். ஒருநாள் பாடம் முடிந்ததும், "சட்டம் படிக்கிறவன் இந்த அறைக்கு வெளியேயும் யாருக்காவது பிரயோஜனப்பட வேண்டும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதை ஏழு பேர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். உடனே ஒரு சேவைச் சங்கம். தலைவர், இரண்டு உபதலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளராக நான், பொருளாளர். ஏழாவது ஆளுக்குப் பதவி மிஞ்சவில்லை, அவர் முகம் வாடியது. அவரை ஆலோசகர் ஆக்கினோம். சங்கத்துக்குப் பெயர் வைக்க இரண்டு கூட்டங்கள். முத்திரையில் தராசு போடுவதா, புத்தகம் போடுவதா என்று ஒரு கூட்டம். தராசின் தட்டில் புத்தகம் என்று ராஜியானோம். யாருக்குச் சேவை செய்வது என்ற கேள்வி நாலாவது கூட்டத்தில்தான் எழுந்தது.

நான் எழுந்து நின்றேன். லாலாகுடா ரயில்வே பட்டறைக்குப் பின்னால் எங்கள் தமிழ் ஜனங்கள் இருக்கிறார்கள், கேட்பாரில்லை, வாய் திறந்து சொல்லவும் தெரியாதவர்கள் என்று உருகினேன். உருதுவில் 'பேஜுபான்' என்று ஒரு சொல் உண்டு, நாக்கில்லாதவர் என்று அர்த்தம். அதைப் போட்டேன். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். சொல் அவ்வளவு பிடித்துப்போய், நாக்கில்லாதவர்களுக்கு நாக்காக இருப்பதே எங்கள் குறிக்கோள் என்று சங்க விதிகளில் முதல் வரியாக எழுதிவிட்டோம். எழுதியவன் நான்தான்.

குவார்ட்டர்ஸ் கிடைக்காத பட்டறைத் தொழிலாளிகள் ரயில்வே நிலத்துக்கு வெளியே ஒரே வரிசையாக இருபத்து மூன்று வீடுகள் போட்டிருந்தார்கள். அதனால் அதற்கு லைன் என்று பெயர். அரக்கோணம், ஜோலார்பேட்டைப் பக்கத்து ஜனங்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கிணறு. கிணறு இருந்தது சர்க்கார் புறம்போக்கில். ஆனால் அதற்குப் போகிற ஒற்றையடிப் பாதை பக்கத்து சீத்தாப்பழத் தோட்டத்தின் ஓரமாகப் போனது. தோட்டத்தை ஒரு காண்டிராக்டர் புதிதாக வாங்கியிருந்தார். பாதையை மறித்துச் சுவர் எழுப்ப ஆரம்பித்திருந்தார். சுவர் முடிந்துவிட்டால் லைனுக்கு மிஞ்சுவது பட்டறை வாசலில் இருக்கிற குழாய்தான். காலையில் ஒரு மணி நேரம் திறப்பார்கள். அதற்குப் போக நாலு தண்டவாளங்களைத் தாண்ட வேண்டும், சரக்கு வண்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக் கோக்கிற இடம்.

நாங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை. நிஜாம் சர்க்காரில் அன்றுதான் விடுமுறை. ரயில்வேக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஆகவே நாங்கள் போகும் நாளெல்லாம் லைனில் ஆண்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்று எங்கள் ஏழு மண்டைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் அரை மணி நேரம் உருதுவில் பேசினார். உரிமை என்றால் என்ன, கடமை என்றால் என்ன, ரோம் நகரத்தில் தண்ணீரைப் பற்றி என்ன சட்டம் இருந்தது எல்லாம் வந்தது. அவர் நிறுத்த நிறுத்த நான் தமிழில் சொன்னேன். இடையில் தலைவர், "இந்தப் பெண்களைப் பார்த்தாலே அப்பாவிகள் என்று தெரிகிறது" என்றார். நான் வாய் திறக்குமுன்பே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பொத்தானைச் சரிசெய்துகொண்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தேன்.

லைனுக்குப் பெரியவள் குப்பம்மாள். பட்டறையில் ஃபிட்டராக இருந்த புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்த மகன் முருகேசன் அதே பட்டறையில் வேலை. அவன் பெண்டாட்டி வள்ளி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பேச்செல்லாம் முடிந்ததும் குப்பம்மாள் என்னிடம் வந்தாள்.

"சுவரு முட்டி வரிக்கும் வந்துட்டுது தம்பி. பேசினதெல்லாம் நல்லாத்தான் இருந்துது. எப்ப கேசு போடுவீங்க?"

"மனு தயாராகணும் அம்மா. கொஞ்சம் அவகாசம் வேணும்."

"சீக்கிரம் பண்ணு. வள்ளிக்கி மாசம் ஏறிக்கினே போவுது, அங்க சுவரும் ஏறிக்கினே போவுது."

மனுவை எழுத மூன்று வாரம் ஆயிற்று. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்தக் காலத்து முட்டாள்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். போன மாதம் நீங்கள் கட்டடத்துக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று எத்தனை கூட்டம் போட்டீர்கள் என்பதும் என் காதுக்கு வந்தது. எங்கள் மனு பதினாலு பக்கம். ஆரம்பத்தில் பாரசீகத்தில் ஒரு செய்யுள் இருக்க வேண்டும் என்று தலைவர் கட்சி, முடிவில் இருக்க வேண்டும் என்று செயலாளர் கட்சி. முதல் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி சுவர் இடுப்பளவு. அதற்கு அடுத்த வெள்ளி தோளளவு. பெண்கள் குடத்தை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குச் சுவர் மேலாக மாற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டோம்.

மனு முடியவில்லையே தவிர ஒரு காரியம் முடிந்தது. லைன் வாசலில் நடுவதற்குக் கருங்கல் பலகை ஒன்றுக்குச் சொல்லியிருந்தோம். சங்கத்தின் பெயர், தராசு, புத்தகம், ஏழு பேருடைய பெயர்கள், பதவிகள். ஒரு பாதி உருதுவில், ஒரு பாதி இங்கிலீஷில். லைனில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாலைந்து பேருக்கும் தெரிந்தது தமிழும் தெலுங்கும். கல்தச்சர் நல்ல தொழில்காரர், சொன்ன நாளில் கொடுத்துவிட்டார். ஆளுயரத்தில் முக்கால் பங்கு இருக்கும், எழுத்து ஒவ்வொன்றும் ஆழமாக வெட்டியிருந்தது. மனுவுக்கு முன்னால் அது வந்து லைன் வாசலில் சாய்த்து வைத்த நிலையில் நின்றது.

நாலாவது வெள்ளி போனபோது சுவர் தலைக்கு மேலே போயிருந்தது. பாதை அடைபட்டுவிட்டது. வள்ளி தண்டவாளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நின்றிருந்த சரக்கு வண்டி வரிசை திடீரென்று ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. அவள் பதறிப் பின்வாங்கினாள், குடம் விழுந்து உடைந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வண்டிகள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் போய் முடிகிற வரை எனக்கு அவள் தெரியவில்லை. வண்டி போன பிறகு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். குப்பம்மாள் ஓடிப்போய் அழைத்து வந்தாள். எங்களைக் கடக்கும்போது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மனு முடிஞ்சுதா தம்பி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே ஆசிரியர் வீட்டுக்கு ஓடினோம். அவர் பதினாலு பக்கத்தையும் நின்றபடியே புரட்டிப் பார்த்தார். "கிணறு எந்தப் பக்கத்தில் வருகிறது?" என்று கேட்டார். ஒன்பதாம் பக்கத்தில் என்றோம். அவர் உட்கார்ந்து புதிதாக ஒன்றேகால் பக்கம் எழுதினார். மறுநாளே முன்சிப் கோர்ட்டில் தாக்கல் ஆயிற்று, வழக்கை அவரே நடத்தினார்.

வழக்கு சின்னது. இருபது வருடம் ஒரு பாதையைத் தடையில்லாமல், வெளிப்படையாக அனுபவித்து வந்திருந்தால் அதில் நடக்கிற பாத்தியதை வந்துவிடும். காண்டிராக்டரின் வக்கீல், இந்த ஜனங்கள் புதுப் பட்டறைக் கொட்டகை வந்த பிறகு குடியேறியவர்கள், ஏழெட்டு வருடம்கூட ஆகவில்லை என்றார். எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. லைனில் பாதிப் பேர் பின்னால் வந்தவர்கள், முன்னால் இருந்தவர்களில் பலர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் விவரமாகப் பேசக்கூடியவள் குப்பம்மாள். அவள் வாக்குமூலத்தில்தான் எல்லாம் நின்றது.

கோர்ட்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. மொழிபெயர்க்க நான் முன்வந்தேன். அவள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று முன்சிப் முன்னால் சத்தியம் செய்தேன். நாக்கில்லாதவர்களுக்கு நாக்கு! என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எங்கும் நின்றதில்லை. கோட்டுக்குப் புதுப் பொத்தான்கூடத் தைத்திருந்தேன்.

ஆசிரியர் கேட்ட கேள்விகள் நன்றாகவே போயின. பிறகு எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். ஒல்லியான மனிதர், குரலே உயராது.

"தோட்டத்தின் மூலையில் வேப்பமரத்தடியில் ஒரு பலகைக் கல் இருந்தது. தோட்டத்துக்கு எல்லைக் கல் அது. இப்போது அங்கே இல்லை. அது எங்கே போயிற்று என்று சாட்சிக்குத் தெரியுமா?"

நான் தமிழில் கேட்டேன். குப்பம்மாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தெரியாம இன்னா? கெணத்தாண்ட துவைக்கிற கல்லா போட்டுக்கினு இருக்கோமே, அதான். நானும் இன்னும் மூணு பொம்பளைங்களும் கடப்பாறை போட்டு நெம்பி உருட்டிக்கினு போனோம். முருகேசன் பொறந்து அஞ்சாம் மாசம். அவன அந்த வேப்பமரத்துலியே தூளி கட்டிப் போட்டுட்டுத்தான் உருட்டினேன். அப்ப இருந்த தோட்டக்காரரு பாத்துக்கினுதான் இருந்தாரு, ஒண்ணும் சொல்லல."

அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் எல்லைக் குறிகளை நகர்த்துகிற குற்றத்தைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது. என் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன். சிறைத் தண்டனை உண்டு. இவள் முன்சிப் முன்னாலேயே வாயால் ஒப்புக்கொள்கிறாள்! கல்லைத் திருடினவர்கள் பாதை கேட்கிறார்கள் என்று அந்த ஒல்லி வக்கீல் முடித்துவிடுவார். வழக்கும் போகும், இவளும் உள்ளே போவாள், வள்ளி பிரசவம் வரைக்கும் தண்டவாளம் தாண்டுவாள். இதெல்லாம் நான் இரண்டு மூச்சு விடுகிற நேரத்தில் நினைத்தது. முன்சிப் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டமும் தமிழும் தெரிந்தவன் இந்த அறையில் நான் ஒருவன்தான், நான் காப்பாற்றாவிட்டால் யார் காப்பாற்றுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"அந்தக் கல்லைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள், ஹுஜூர்" என்றேன்.

வாக்குமூலம் எழுதுகிறவர் பேனாவை மையில் தோய்த்தார். அதற்குள் கூண்டிலிருந்து குரல் வந்தது.

"நக்கோ சாப். மை ஐசா நை போலி. பத்தர் ஹமிச் லேகோ கயே."

நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா, கல்லை நாங்களேதான் கொண்டுபோனோம். சொன்னது குப்பம்மாள். அசல் செகந்திராபாத் கடைத்தெரு உருது, தக்கனி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முருகேசன், தூளி, கடப்பாறை, பழைய தோட்டக்காரர் எல்லாவற்றையும் அதே பாஷையில் தண்ணீராக ஊற்றினாள்.

முன்சிப் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு உருது வருமா?"

"ஹவ் சாப். பஜார்லே அரவம் போலே தோ தர்காரி கோன் தேதே?" கடைத்தெருவில் தமிழ் பேசினால் காய்கறி யார் கொடுப்பார்கள் என்று கேட்கிறாள். கோர்ட்டே சிரித்தது. ஒல்லி வக்கீலும் சிரித்தார். சிரிக்காதது நானும் ஆசிரியரும்தான்.

"பிறகு ஏன் இவ்வளவு நேரம் தமிழில் பேசினாய்?"

"அந்தத் தம்பி தமிழ்ல கேட்டுது சாப், நான் தமிழ்ல சொன்னேன்" என்று அவள் உருதுவில் சொன்னாள். "எனக்கு உருது வருமான்னு யாரும் கேக்கவேயில்லியே."

ஒரு மாதமாக ஏழு பேர் வாரா வாரம் போயிருக்கிறோம். பெயர், வயது, குடும்பம், கிணற்றின் ஆழம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறோம். உங்களுக்கு உருது வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அம்மாவுக்கு வராது, ஆகவே தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த எந்தப் பெண்ணுக்கும் வராது. அவர்கள் முன்கூட்டியே சிரித்தது என் கோட்டைப் பார்த்தல்ல என்று அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்சிப் என் பக்கம் திரும்பினார். "கூட்டாமல் குறைக்காமல் என்று சத்தியம் செய்தது நீதானே?"

எனக்கு வாய் வரவில்லை. நாக்கில்லாதவன் யார் என்று அன்றைக்குக் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. சத்தியம் மீறியவனுக்கு வக்கீலாகத் தொழில் செய்ய அனுமதி தருகிற சன்னது கிடையாது. என் படிப்பு, அப்பாவின் ஆசை எல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று என்று நினைத்தேன். அப்போதும் எனக்காகப் பேசினது குப்பம்மாள்தான்.

"உடுங்க சாப், சின்னப் பையன். என்னை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டுது."

முன்சிப் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "இந்தச் சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நீ அந்த மூலையில் நின்று கேட்டுக்கொண்டிரு. அதுதான் உனக்குத் தெரியாத வேலை" என்றார். நான் போய் மூலையில் நின்றேன்.

பிறகு அவர் குப்பம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முருகேசனுக்கு இப்போது என்ன வயது?"

"இருபத்து மூணு முடியுது சாப். பட்டறையில வேலைக்கி இருக்கான். பொண்டாட்டிக்கி இது மாசம்."

ஒல்லி வக்கீலின் சிரிப்பு அங்கே நின்றது. எங்கள் ஆசிரியர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. இருபது வருடம் என்று நிரூபிக்கக் காகிதம் தேடி அலைந்தோம். பாதை வழியாகப் போய்க் கிணற்றடியில் துவைக்கக் கல் போட்டது முருகேசன் கைக்குழந்தையாக இருந்தபோது. பழைய சொந்தக்காரர் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார், தடுக்கவும் இல்லை. முருகேசன் வயது பட்டறைப் பதிவேட்டில் மையால் எழுதியிருக்கிறது. நான் விழுங்கப் பார்த்த அந்த நாலு வரிதான் வழக்கு முழுவதும். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவளுடைய ஒரே சாட்சியத்தை நான் சாகடிக்க இருந்தேன்.

அடுத்த வாரம் பதிவேட்டு நகல் வந்தது. முன்சிப் டோங்காவில் ஏறி லைனுக்கே வந்தார். கிணற்றடிக்குப் போய்க் கல்லைப் பார்த்தார். நடுவில் இட்லித் தட்டுக் குழி மாதிரி தேய்ந்து வழவழவென்று இருந்தது. குனிந்து விரலால் தடவினார். "ஏழெட்டு வருடத்தில் இவ்வளவு தேயுமா வக்கீல் சாகேப்?" என்று ஒல்லி வக்கீலைக் கேட்டார். அவர் நேர்மையான மனிதர், தேயாது என்றார்.

பாதையைத் திறக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. கூடவே இன்னொரு உத்தரவு. எல்லைக் கல் எல்லையில்தான் இருக்க வேண்டும், எட்டு நாளைக்குள் வேப்பமரத்தடிக்கே திரும்பப் போக வேண்டும். நகர்த்திய பெண்களுக்கு இப்போது வயதாகிவிட்டதால், அவர்கள் சார்பில் பேச வந்த மாணவர் சங்கம் அதை அவர்கள் சார்பில் உருட்டலாம் என்று முன்சிப் முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார். ஆசிரியர், "வகுப்புக்கு வெளியே என்று நான் சொன்னது இதுதான்" என்றார்.

உருட்டினோம். தலைவர், உபதலைவர்கள், செயலாளர், பொருளாளர், ஆலோசகர், நான். நாலு பெண்கள் ஒரு காலையில் செய்த வேலை ஏழு சட்ட மாணவர்களுக்குப் பொழுது சாய்கிற வரை பிடித்தது. கைகளில் கொப்புளம். இந்தத் தடவை புத்தி வந்து ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம், அதனால் ஆண்களும் இருந்தார்கள். லைன் முழுக்க உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கடப்பாறையை எங்கே கொடுக்க வேண்டும் என்று குப்பம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள், தலைவருக்கு உருதுவில், எனக்குத் தமிழில்.

கல் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் கேட்டாள், "அதெல்லாம் சரி தம்பி. இனிமே நாங்க எதுல துவைக்கிறது?"

லைன் வாசலில் எங்கள் பெயர்ப் பலகை இன்னும் நடாமல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் அங்கே போயிற்று. தலைவர், "நக்கோ, நக்கோ" என்றார். வேண்டாம் என்பதற்கு அவர் அப்படிக் கடைத்தெருப் பாஷை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு அவரே முதலில் போய் அதன் ஒரு முனையைப் பிடித்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை.

எழுத்துள்ள பக்கத்தைக் கீழே போட்டுவிடலாம் என்று செயலாளர் கெஞ்சினார், மானம் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று. குப்பம்மாள் எழுத்துகளை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தாள். மேலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

வள்ளிக்குப் பெண் பிறந்தது. அந்தக் கல்லில் முதலில் துவைத்தது அந்தக் குழந்தையின் துணிகளைத்தான். எனக்குச் சன்னது கிடைத்தது. அதற்கு விண்ணப்பம் போடுமுன் முன்சிப்பிடம் நானே போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர், "மூலையில் நிற்கக் கற்றுக்கொண்டாயா?" என்று கேட்டார். கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது முழு உண்மை இல்லை. ஒரு கட்சிக்காரர் பேசும்போது குறுக்கே விழாமல் கடைசி வரை கேட்க எனக்கு இன்னும் பத்து வருடம் ஆயிற்று. ஆனால் அன்றிலிருந்து யார் என் ஆபீசுக்குள் வந்தாலும், எந்தப் பாஷையில் பேசினால் உங்களுக்குச் சௌகரியம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வேன். இதுதான் என் நாற்பது வருட அனுபவத்தின் சாரம். இதற்குப் பளிங்குக் கல் தேவையில்லை, ஆனாலும் நீங்கள் ஆசைப்படுகிறீர்கள்.

போன மாதம் லாலாகுடாப் பக்கம் ஒரு சாவுக்குப் போனபோது கிணற்றடிக்கும் போய்ப் பார்த்தேன். வள்ளியின் பேத்தியாக இருக்கலாம், ஒரு பெண் துவைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் பெயர் போய்விட்டது, தராசு போய்விட்டது, புத்தகத்தில் ஒரு மூலை இருக்கிறது. இணைச் செயலாளர் கடைசி வரியில் இருந்ததால் என் பெயரில் பாதி இன்னும் தெரிகிறது. அதன் மேலே ஒரு பாவாடை கிடந்தது. என்ன பார்க்கிறீர்கள் தாத்தா என்று அந்தப் பெண் தெலுங்கில் கேட்டாள். நல்ல கல் என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன்.

விழாவுக்கு வருகிறேன், தலைமையும் தாங்குகிறேன். நான் வாங்காத பட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் கல் விஷயத்தில் ஒரு யோசனை. பளிங்கு வேண்டாம், வழுக்கும். கருங்கல்லில் எழுத்தை நன்றாக ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். குப்பம்மாள் அன்றைக்கு எங்கள் பெயர்களைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது அதுதான்: "நல்லா சொரசொரன்னு கீது தம்பி. அழுக்கு சுத்தமா போவும்."